பாழ்நிலத்தின் கடன்

எதிர்ப்பே இல்லாத கொள்கைகள் அரசியலில் அபூர்வம். இங்கிலாந்தில் அப்படி ஒன்று உண்டு. புது வீடுகளை முதலில் பழைய ஆலை நிலங்களில் கட்ட வேண்டும், வயல்வெளியை அதற்குப் பிறகே தொட வேண்டும் என்பது அது. கன்சர்வேட்டிவ் கட்சி இதைச் சொல்கிறது, லேபர் சொல்கிறது, லிபரல் டெமாக்ரட்டுகளும் பசுமைக் கட்சியினரும் சொல்கிறார்கள். நாட்டுப்புறத்தைக் காக்கும் சங்கங்கள் சொல்கின்றன. நகர மையத்தில் அடுக்குமாடி எழுப்பும் நிறுவனங்களும் மேடையில் அதையே சொல்கின்றன. இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பிடித்துப்போன கொள்கையைப் பார்த்தால் ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. அதற்கு விலை கொடுப்பவர் யாரோ, அவர் அந்த மேடையில் இல்லை.

பிரவுன்ஃபீல்டு நிலம் என்று அங்கே அழைக்கப்படுவது ஒருமுறை கட்டிப் பயன்படுத்திக் கைவிட்ட நிலம். மூடிய தொழிற்சாலை, நிலக்கரியிலிருந்து வாயு எடுத்த ஆலை, ரயில் பணிமனை, கிடங்கு, படை காலி செய்துவிட்டுப் போன முகாம், ஆள் வராத பேரங்காடி எல்லாம் இதில் அடக்கம். 1998இல் லேபர் அரசு, புது வீடுகளில் 60 விழுக்காடு இத்தகைய நிலத்தில் எழ வேண்டும் என்று இலக்கு வைத்தது. அப்போதைய இலக்கணப்படி வீட்டுக் கொல்லைப்புறத் தோட்டமும் இந்த வகையில் சேர்ந்தது. கொல்லையில் எழுந்த வீடும் கணக்கில் ஆலை நிலத்து வீடாகவே நின்றது. அந்த வேடிக்கை 2010இல்தான் நிறுத்தப்பட்டது. 2017இல் வந்த விதிகள், ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் தன் எல்லைக்குள் உள்ள இத்தகைய நிலங்களுக்கு ஒரு பதிவேடு வைக்க வேண்டும் என்றன. குறைந்தது கால் ஹெக்டேர் பரப்பாவது இருக்க வேண்டும், அல்லது ஐந்து வீடாவது கட்ட இடம் வேண்டும். 2024 டிசம்பரில் திருத்திய தேசியத் திட்டக் கொள்கை இன்னும் ஒரு படி மேலே போனது. ஊருக்குள் இருக்கும் பொருத்தமான பிரவுன்ஃபீல்டு நிலத்தில் வீடு கட்ட வரும் விண்ணப்பத்தை, கணிசமான கேடு விளையும் என்று காட்ட முடிந்தாலன்றி, ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றது.

கொள்கையின் நியாயத்தை முதலில் குறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தின் பரப்பில் ஏறக்குறைய 13 விழுக்காடு பசுமை வளையமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. நகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தடுக்க இருபதாம் நூற்றாண்டின் நடுவில் போட்ட வேலி அது. அதற்கு வெளியிலும் உழவு நிலம் இருக்கிறது. ஒருமுறை கான்கிரீட் போட்ட வயல் மறுபடி வயலாவதில்லை. ஊருக்கு வெளியே எழும் குடியிருப்பில் பால் வாங்கக்கூடக் கார் எடுக்க வேண்டியிருக்கும். ஊருக்குள் குழாயும் பேருந்தும் பள்ளியும் ஏற்கெனவே இருக்கின்றன. நாட்டுப்புறப் பாதுகாப்புக்காகப் பணியாற்றும் சிபிஆர்இ என்ற அமைப்பு 2022இல் இந்தப் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்து, அவற்றில் உள்ள நிலத்தில் 12 லட்சம் வீடுகளுக்கு இடமுண்டு என்று கணக்குச் சொன்னது. வீட்டின் தேவையும் சின்னதல்ல. 2024இல் இங்கிலாந்தில் 1,20,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிக இருப்பிடங்களில் நாளைக் கடத்தின. சமூக வாடகை வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலில் சுமார் 13 லட்சம் குடும்பங்களின் பெயர் இருந்தது. துருப்பிடித்த இரும்பு வேலிக்குள் நெருஞ்சி மண்டிக் கிடக்கும் நிலத்தை விட்டுவிட்டுக் கோதுமை வயலில் வீடு கட்டுவதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

எனவே கட்டலாமா கூடாதா என்பதில் பெரிய வழக்கு இல்லை. வழக்கு வேறிடத்தில் இருக்கிறது. இந்தக் கொள்கையின் பேச்சுமொழி, பாழ்நிலம் காலியாக இருக்கிறது, அதில் கட்டினால் யாருக்கும் நட்டமில்லை என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. அந்த எண்ணம் பெரும்பாலும் பொய். பாழ்நிலத்தைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள். ஆலை ஓடியபோது அதன் புகையைச் சுவாசித்தவர்களும் அவர்களே, ஆலை மூடியபோது வேலை இழந்தவர்களும் அவர்களே. இப்போது அந்த மண்ணைத் தோண்டும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டியவர்களும் அவர்களே.

மேற்கு லண்டனின் சவுத்தால் இதற்கு நல்ல சாட்சி. தெற்காசிய மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி அது. அங்கே 88 ஏக்கரில் ஒரு பழைய வாயு ஆலை நிலம் கிடந்தது. வடகடல் எரிவாயு வருவதற்கு முன், நிலக்கரியைச் சுட்டு வாயு எடுத்துத்தான் பிரிட்டன் அடுப்பெரித்தது. அந்தத் தொழிலின் மிச்சம் மண்ணுக்குள் தங்கியது. தார், பென்சீன், நாப்தலீன், சயனைடு கலந்த நீலக் கழிவு என்று அதில் பல உண்டு. அந்த இடத்தில் 3,750 வீடுகள் கட்டும் திட்டத்தை ஈலிங் உள்ளாட்சி மன்றம் முதலில் நிராகரித்தது. அப்போதைய லண்டன் மேயர் போரிஸ் ஜான்சன் அதைத் தன் கைக்கு எடுத்து 2010இல் அனுமதி கொடுத்தார். சில ஆண்டுகள் கழித்து மண்ணைத் தோண்டிக் குவித்துக் காற்றாடவிட்டுச் சுத்தம் செய்யும் வேலை தொடங்கியது. அந்த வேலை நடந்த இடத்துக்கு ‘மண் மருத்துவமனை’ என்று பெயர். மண்ணுக்கு வைத்தியம் நடந்தபோது அக்கம்பக்கத்துத் தெருக்களில் பெட்ரோல் வாடை பரவியது. தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறல் என்று குடியிருப்போர் புகார் சொன்னார்கள், ஒன்றுகூடிப் போராடவும் செய்தார்கள். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை காற்றின் அளவீடுகளைப் பார்த்துவிட்டு, நீண்டகால ஆபத்து குறைவு என்றது. வாடையே தலைவலியையும் குமட்டலையும் தரக்கூடும் என்பதையும் அது மறுக்கவில்லை.

நச்சு இருந்ததா இல்லையா என்பதை வேதியியல் அறிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அறநெறிக் கேள்விக்கு அந்த விடை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுகாதாரத் துறை சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வோம். நோய் இல்லை, நாற்றம் மட்டும்தான். மாதக்கணக்கில் கோடைக்காலத்தில் ஜன்னல் திறக்க முடியாமல், குழந்தையைத் தோட்டத்தில் விட முடியாமல் ஒரு தெரு வாழ வேண்டியிருந்தது. அந்தத் தெருவிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த மன்றம் மறுத்ததையும் மேலே இருந்தவர் தள்ளிவிட்டார். அங்கே எழுந்த வீடுகளின் சந்தை விலை, அந்தத் தெருக்களில் வாடகைக்கு இருப்பவர்களில் பலருக்கு எட்டாதது. லண்டனைச் சுற்றியுள்ள பசுமை வளையத்தில் 3,750 வீட்டுக்கான வயல் தப்பித்தது என்றால், அதற்கான விலையை சவுத்தால் கொடுத்தது. வளையத்துக்குள் தோட்டத்தோடு வீடு வைத்திருப்பவர் எதுவும் கொடுக்கவில்லை. அவர் வீட்டின் விலை ஏறியதுதான் மிச்சம்.

சவுத்தாலில் சந்தேகமாக நின்றது கோர்பியில் தீர்ப்பாக வந்தது. நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள கோர்பி எஃகால் பிறந்த ஊர். 1930களில் ஸ்காட்லாந்திலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் அங்கே குடியேறின. 1980இல் எஃகு உருக்குவது நின்றது, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். உள்ளூர் மன்றம் ஆலை நிலத்தை வாங்கிச் சீர்திருத்தி ஊருக்கு மறுவாழ்வு தர முனைந்தது. கட்ட நினைத்தது வீடுகள் அல்ல, தொழிலும் வணிகமும்தான் என்றாலும் வேலை இதே வகை. கழிவுச் சேற்றை அள்ளிய லாரிகள் மூடாமல் ஊர்த் தெருக்களில் ஓடின. சக்கரத்தில் ஒட்டி வந்த சேறு சாலையில் உதிர்ந்து, காய்ந்து, தூசியாய்ப் பறந்தது. அந்த ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளில் சிலருக்குக் கைவிரல்களும் பாதமும் குறைபட்டிருந்தன. தாய்மார்கள் ஒருவரையொருவர் கண்டறிந்து வழக்குத் தொடுத்தார்கள். 2009 ஜூலையில் உயர் நீதிமன்றம், மன்றம் அந்த வேலையில் நெடுங்காலம் கவனக்குறைவாக நடந்துகொண்டது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு மன்றம் அந்தக் குடும்பங்களுடன் இழப்பீட்டு உடன்பாட்டுக்கு வந்தது.

கோர்பியைச் சுட்டிக்காட்டி, ஆலை நிலத்தில் கை வைக்கவே கூடாது என்று வாதிடுவது எளிது. அது தவறான பாடம். நச்சு மண்ணை அப்படியே விட்டுவைப்பதும் ஒரு முடிவுதான். மழைநீரோடு அது எங்கோ கசிந்துகொண்டுதான் இருக்கும். கோர்பியில் வாய்ப்புக்கேடாக அமைந்தது, நல்ல நோக்கம் இருந்ததே. ஊருக்கு நன்மை செய்கிறோம் என்ற நம்பிக்கை மன்றத்துக்கு இருந்தது. அந்த நம்பிக்கையே, செய்யும் முறையை யாரும் உற்றுப் பார்க்காமல் இருக்கத் திரையாகிவிட்டது. அவசரமும் சேர்ந்துகொண்டது. வேலையில்லாத ஊர், மானியம் வரும் காலக்கெடு, அரசியல் நெருக்கடி. இன்றைக்கு நாடு முழுவதும் 15 லட்சம் வீடு என்று அரசு இலக்கு வைத்து மன்றங்களை விரட்டும்போது, அதே மூன்றும் மறுபடி ஒன்றாய்க் கூடுகின்றன. கோர்பிக்குப் பிந்தைய சட்டமும் தொழில்நுட்பமும் மேம்பட்டவை என்பது உண்மை. தோண்டும் முன் பழைய வரைபடங்களைப் பார்க்கிறார்கள், துளையிட்டு மண்ணைச் சோதிக்கிறார்கள், தோட்டம் வரும் இடத்தில் இரண்டடி உயரத்துக்குச் சுத்தமான மண்ணைப் பரப்புகிறார்கள். விதிகளைச் சரிபார்க்கும் ஊழியரை மன்றம் சம்பளம் கொடுத்து வைத்திருந்தால்தான் இந்த விதிகளுக்கு உயிர் உண்டு. 2010களில் மத்திய அரசின் நிதி சுருங்கிக்கொண்டே வந்த மன்றங்களில், முதலில் காலியாவது இத்தகைய நாற்காலிகளே.

இனி பணம். மண்ணைச் சுத்தம் செய்யும் செலவை யார் ஏற்பது? மாசுபடுத்தியவனே கொடுக்க வேண்டும் என்பதுதான் பொதுவான நியாயம். 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டமும் அதைத்தான் முதலில் வைக்கிறது. ஆனால் மாசுபடுத்தியவன் பல நேரம் உயிரோடு இல்லை. ஆலையைத் தொடங்கிய முதலாளி போய், அரசு எடுத்துக்கொண்டு, மறுபடி தனியாருக்கு விற்று, அந்தத் தனியாரும் கைமாறி நிற்கும் நிலங்களே மிகுதி. அப்படியென்றால் நிலத்தை விற்பவன் விலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும், மண் அழுக்கு என்றால் மதிப்பும் குறைவுதானே. நியாயப்படி அதுதான் நடக்க வேண்டும். நடைமுறையில் வேறொன்று நடக்கிறது. இங்கிலாந்தில் ஒரு கட்டுமானத் திட்டத்துக்கு அனுமதி கேட்கும் நிறுவனம், அதில் ஒரு பங்கைக் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கான வீடாகத் தர மன்றத்தோடு ஒப்பந்தம் போடும். அந்தப் பங்கைக் கொடுத்தால் தனக்குக் கட்டுப்படியாகாது என்று காட்ட முடிந்தால், குறைத்துக்கொள்ளலாம். அரசின் வழிகாட்டுதல், மொத்த விற்பனை மதிப்பில் 15 முதல் 20 விழுக்காடு வரை நிறுவனத்துக்கு லாபம் என்று கணக்கு வைக்கச் சொல்கிறது. மண் சுத்தம் செய்ய எதிர்பாராத செலவு வந்தால், அந்த லாபத்தில் கை வைக்காமல் அதை ஈடுகட்ட ஒரே இடம்தான் மிச்சம். ஏழைக் குடும்பத்துக்கு ஒதுக்கிய வீடு.

தேம்ஸ் கரையில் 1983இல் நின்றுபோன பேட்டர்சீ மின் நிலையத்தை நினைத்துப் பார்க்கலாம். நான்கு வெள்ளைப் புகைபோக்கிகளோடு பல பத்தாண்டுகள் பாழடைந்து கிடந்து, பல முதலாளிகள் கைவிட்டுப்போய், கடைசியில் மலேசிய முதலீட்டில் அழகாகப் புதுப்பிக்கப்பட்டு 2022இல் திறக்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் முதலில் ஒப்புக்கொண்ட கட்டுப்படியாகும் விலை வீடுகள் 636. கட்டடத்தைப் புதுப்பிக்கும் செலவு உயர்ந்துவிட்டது என்ற காரணத்தோடு 2017இல் அந்த எண்ணிக்கை 386 ஆகக் குறைந்தது. வான்ட்ஸ்வொர்த் மன்றம் அதை ஏற்றது. லாபம் பிற்பாடு உயர்ந்தால் மிச்சத்தைப் பார்க்கலாம் என்ற நிபந்தனையும் உண்டு. அந்த வீடுகளை இழந்த 250 குடும்பங்கள் எதையும் மாசுபடுத்தவில்லை. மின் நிலையத்தை வாங்கவுமில்லை, விற்கவுமில்லை. அவர்கள் யார் என்பதுகூட எவருக்கும் தெரியாது. கிடைக்காத வீட்டுக்குள் வந்திருக்க வேண்டியவர்கள் என்ற வகையில் மட்டுமே அவர்களுக்கு இருப்பு உண்டு. பழுதுக்கான கட்டணத்தை இப்படி முகமில்லாதவர்கள் மேல் ஏற்றுவது எவ்வளவு சுலபம் என்பதை மன்றத்தின் பொருளாதார ஆலோசகர்கள் நன்றாக அறிவார்கள். எதிர்த்து ஊர்வலம் வர அவர்களில் ஒருவரும் இல்லை.

இதைவிடக் கசப்பானது, மனிதர் குடியிருக்கும் வீடுகளே பிரவுன்ஃபீல்டாகக் கணக்கில் வருவது. ஏற்கெனவே கட்டப்பட்ட நிலம் என்பது பொருள் என்றால், அரசுக் குடியிருப்பும் அதில் அடங்கும்தானே. தெற்கு லண்டனின் எலிஃபன்ட் அண்ட் காசில் பகுதியில் இருந்த ஹேகேட் குடியிருப்பில் ஏறக்குறைய 1,200 வீடுகள் இருந்தன. சதக் மன்றம் அதைக் காலி செய்து இடித்தது. அந்த இடத்தில் வந்த புதிய திட்டத்தில் வீடுகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேல். 2013இல் அனுமதி பெற்றபோது அவற்றில் சமூக வாடகை வீடுகள் சுமார் 80. வீட்டு எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் பதிவேட்டுக்கு இது வெற்றி. வயல் எதுவும் போகவில்லை, வீடு இரட்டித்தது. வெளியேறியவர்கள் எங்கெல்லாம் சிதறினார்கள் என்பதற்கு அதில் பத்தி இல்லை.

எல்லா மன்றமும் இப்படி என்று முடிவுகட்டுவது அநியாயம். நாரிச் நகரில் கோல்ட்ஸ்மித் வீதி என்று ஓர் இடம் உண்டு. நிலத்தை விற்கும் முயற்சி பொருளாதாரச் சரிவில் தடுமாறிப்போக, மன்றமே கட்டத் துணிந்தது. ஒன்றோடொன்று இணைந்த 105 வீடுகள், எல்லாமே சமூக வாடகைக்கு. குளிர்காலத்தில் சூடேற்றும் செலவு மிகக் குறைவாகும்படி சுவரையும் ஜன்னலையும் அமைத்தார்கள். 2019இல் பிரிட்டனின் உயர்ந்த கட்டடக்கலை விருதான ஸ்டர்லிங் பரிசு அதற்குக் கிடைத்தது. பேட்டர்சீக்கும் நாரிச்சுக்கும் உள்ள வேறுபாடு கட்டடக் கலைஞரின் திறமையில் இல்லை. நிலம் மன்றத்தின் கையில் இருந்தது. லாபப் பங்கு யாருக்கும் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. மன்றங்கள் தம் சொந்த நிலத்தை ஒன்றன்பின் ஒன்றாக விற்றுவிட்ட நாட்டில் இந்த உதாரணம் எத்தனை இடத்தில் திரும்ப வரும் என்பது வேறு விஷயம்.

மண்ணிலிருந்து கட்டடத்துக்கு வந்தால், இதே கொள்கை இன்னொரு முகம் காட்டுகிறது. 2013 முதல், அலுவலகக் கட்டடத்தைக் குடியிருப்பாக மாற்ற மன்றத்தின் முழு அனுமதி தேவையில்லை என்று மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. பழைய கட்டடத்தைப் பயன்படுத்துவது நல்லதுதானே என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. விளைந்தவை எப்படிப்பட்ட வீடுகள் என்பதை 2020இல் அரசே கேட்டு வாங்கிய ஆய்வு சொன்னது. இந்தத் தளர்வு வழியில் வந்தவற்றில் குறைந்தபட்ச அறையளவை எட்டியது 22 விழுக்காடு. முறையான அனுமதி வழியில் வந்தவற்றில் அது 73. வாட்ஃபர்டில் ஒரு தொழிற்கூடத்தை 15 சிறு குடியிருப்பாக மாற்ற வந்த விண்ணப்பத்தில், அவற்றுள் சிலவற்றுக்கு ஜன்னலே கிடையாது. மன்றம் மறுத்தது. 2019இல் மேல்முறையீட்டு ஆய்வாளர் அனுமதித்தார். ஜன்னல் இல்லை என்ற காரணத்தைக் கேட்க அப்போதைய விதி அவருக்கு இடம் தரவில்லை. வெளிச்சம் கட்டாயம் என்று 2020இலும், 37 சதுர மீட்டராவது வேண்டும் என்று அடுத்த ஆண்டும் விதிகள் சேர்க்கப்பட்டன. ஜன்னல் வேண்டும் என்று ஒரு நாடு சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. விடுதி அறை ஒன்றில் மூன்று குழந்தைகளோடு படுத்திருக்கும் தாய்க்கு, சிறிய வீடானாலும் வீடு. அவள் வேண்டுமென்று வாங்கிக்கொள்ளும்போது, இது உனக்குத் தகாது என்று மறுக்க மற்றவர் யார்? ஹார்லோ நகரில் அலுவலகக் கோபுரங்களை மாற்றிய குடியிருப்புகளுக்கு லண்டன் மன்றங்கள் தம் வீடற்ற குடும்பங்களை அனுப்பிவைத்தபோது இந்த வாதம்தான் நின்றது. அந்தக் கட்டடங்களை மாற்றுவதைத் தடுக்க ஹார்லோ மன்றத்துக்கு அதிகாரம் இருக்கவில்லை. வந்தவர்களுக்கோ மறுக்கும் நிலை இருக்கவில்லை. ஒரே ஒரு கதவு திறந்திருக்கும்போது அதன் வழியே நுழைவதைத் தேர்வு என்று சொல்ல முடியாது. அந்தத் தாயின் சம்மதம், கட்டியவர்மேல் உள்ள கடமையைக் குறைக்காது. அவள் அவசரத்தைப் பயன்படுத்தி வாடகை வாங்கியவரின் குற்றம் கூடவே செய்யும். அவசரம் என்ற சொல்லுக்கு எப்போதும் விலை கொடுப்பவர் அவசரத்தில் இருப்பவரே. வரிசையில் நிற்காதவருக்கு அவசரம் வருவதில்லை.

உயிரினங்களைப் பற்றி ஒன்று மட்டும். மனிதன் கைவிட்ட நிலத்தை இயற்கை கைவிடுவதில்லை. எசெக்ஸின் கேன்வீ தீவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டத் தொடங்கிப் பாதியில் 1970களில் கைவிட்ட மண்மேட்டில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூச்சி, வண்டு, சிலந்தி இனங்கள் குடியேறிவிட்டன. 2005இல் அது அரசின் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியது. கென்ட்டின் லாட்ஜ் ஹில் பழைய ராணுவ இடம். அங்கே 5,000 வீடு கட்ட மெட்வே மன்றம் 2014இல் ஒப்புதல் கொடுத்தது. அந்தப் புதர்களில் பாடும் நைட்டிங்கேல் ஆண் பறவைகள் மட்டும் 80க்கு மேல் இருந்தன. சில ஆண்டுகள் இழுத்து 2017இல் அந்தத் திட்டம் திரும்பப் பெறப்பட்டது. பூச்சிமருந்து தெளித்த கோதுமை வயலில் இந்தப் பறவைக்கு இடமில்லை. வயல் பசுமையாகவும் ஆலை நிலம் பழுப்பாகவும் தெரிவது, சாலையில் கார் ஓட்டிப் போகிறவர் கண்ணுக்கு மட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் முன்னுரிமை சரி என்றே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் அது இலவசம் என்று நடிப்பது சரியில்லை. ஆலை நிலத்தில் எழும் ஒவ்வொரு வீடும், எங்கோ ஒரு வயலைக் காப்பாற்றுகிறது. காப்பாற்றப்பட்ட வயலின் ஓரத்தில் ஏற்கெனவே வீடு வைத்திருப்பவருக்கு அதில் நேரடி லாபம் உண்டு. அவர் பார்க்கும் காட்சி கெடவில்லை, அவர் ஊர்ப் பள்ளியில் கூட்டம் கூடவில்லை. அந்த லாபத்துக்கு ஈடாக அவர் எதையாவது கொடுக்கக் கடமைப்பட்டவர். இப்போது அவர் கொடுப்பது, ‘பழைய ஆலை நிலத்தில் கட்டுங்கள்’ என்ற ஆலோசனை மட்டும்.

அந்த ஆலோசனை வாக்காகவும் மாறும். 2020 ஆகஸ்டில் அரசு முன்வைத்த ஒரு கணக்கீட்டு முறை, வசதியான நாட்டுப்புற மாவட்டங்களான ஷயர்களில் கட்ட வேண்டிய வீடுகளின் எண்ணிக்கையை உயர்த்தியது. ஆளும் கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களே கொதித்தெழுந்தார்கள். டிசம்பரில் அது கைவிடப்பட்டு, நாட்டின் 20 பெரிய நகரங்களின் எண்ணிக்கையில் 35 விழுக்காடு கூட்டப்பட்டது. பிரிஸ்டலும் லண்டனும் மட்டுமல்ல, பிராட்ஃபர்டும் ஹல்லும் ஸ்டோக்கும் அந்தப் பட்டியலில் இருந்தன. பின்னால் சொன்ன மூன்று நகரங்களில் வீட்டின் விலையே குறைவு. மண்ணைச் சுத்தம் செய்து கட்டினால் விற்று வரும் பணம் செலவுக்குக் கட்டாது என்பதால் நிறுவனங்கள் வருவதில்லை. அங்கே பிரவுன்ஃபீல்டு என்பது மானியம் கிடைத்தால்தான் வீடாகும் நிலம். ஷயரின் வயலைக் காக்கும் சுமை, அதைத் தூக்க மிகவும் திராணியற்ற நகரங்களின் தோளில் ஏற்றப்பட்டது. 2021 ஜூனில் செஷம் அண்ட் அமர்ஷம் இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றபோது, அப்போதைய திட்டச் சீர்திருத்த யோசனைகளும் ஒரு காரணமாகப் பேசப்பட்டன. அதிலிருந்து அரசியல்வாதிகள் கற்ற பாடம் ஒன்றுதான்: ஷயரின் வயலைத் தொடாதே. 35 விழுக்காட்டுக் கூடுதல் 2024 டிசம்பரில்தான் நீங்கியது.

கடனைக் கணக்கில் ஏற்ற ஒரு வழி ஏற்கெனவே பாதி திறந்திருக்கிறது. அதே 2024 கொள்கை, பசுமை வளையத்தில் நிலம் விடுவிக்கப்பட்டால் அங்கே குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கான வீட்டுப் பங்கு வழக்கத்தைவிட 15 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக, அதிகபட்சம் பாதிவரை, இருக்க வேண்டும் என்கிறது. விடுவிக்கும் நிலத்துக்கு விலை வைத்தாயிற்று. விடுவிக்காத நிலத்துக்கு இல்லை. வளையத்தைத் தொடவே மாட்டோம் என்று தீர்மானம் போடும் மன்றம், தான் தவிர்த்த வீடுகளின் அளவுக்கு அடுத்த நகரத்து மண்ணைச் சுத்தம் செய்யும் நிதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்று ஏன் விதி இருக்கக்கூடாது? சவுத்தாலுக்கு மூடிய கூடாரமும் தனிக் கண்காணிப்பும், பேட்டர்சீக்கு அந்த 250 வீடுகளும் அந்தப் பணத்தில் வரக்கூடும்.

பதில் எளியது. சேமிப்பவரும் சுமப்பவரும் ஒரே அவையில் உட்கார்வதில்லை. பல மன்றங்களைச் சேர்த்து யார் எவ்வளவு கட்டுவது என்று தீர்மானித்த மண்டலத் திட்டங்களை 2010இல் வந்த அரசு ரத்து செய்யத் தொடங்கியது. அதற்கு மாற்றாக, அண்டை மன்றங்கள் ஒத்துழைக்க வேண்டும் என்ற ஒரு கடமையை 2011ஆம் ஆண்டுச் சட்டம் எழுதிவைத்தது. ஒத்துழைக்கச் சொன்னதே தவிர, உடன்படச் சொல்லவில்லை. கிரேட்டர் மான்செஸ்டர் ஒரு விதிவிலக்கு. அங்கே பத்து மன்றங்கள் சேர்ந்து ஒரே திட்டம் வகுக்க உட்கார்ந்தன, ஆலை நிலத்துக்கு முதலிடம் என்ற ஒப்பந்தத்தோடு. 2020 டிசம்பரில், பசுமை வளையத்தில் ஒரு பகுதியை விடுவிப்பது பிடிக்காமல் ஸ்டாக்போர்ட் மன்றம் வெளியேறியது. மீதி ஒன்பதும் 2024 மார்ச்சில் திட்டத்தை ஏற்றன.

வெளியேறிய ஸ்டாக்போர்ட்டைத் திட்டுவது எளிது. ஆனால் அதன் ஊர் மையத்தின் பழைய பஞ்சாலைகளையும் கிடங்குகளையும் வீடாக்கத் தனி மேம்பாட்டுக் கழகம் ஒன்று 2019இலேயே அமைந்திருந்தது. பேருந்து நிலையம் புதிதாகக் கட்டப்பட்டு, அதன் கூரைமேல் பூங்கா போடப்பட்டு, 2024இல் திறக்கப்பட்டது. ஸ்டாக்போர்ட், தான் காக்க விரும்பிய வளையத்துக்கான விலையில் ஒரு பகுதியை, வேறு ஊர் தலையில் கட்டாமல் தன் ஊர் மையத்திலேயே செலுத்தியது. அந்தப் பங்கு போதுமா என்று கேட்க, அது விட்டுவந்த ஒன்பது மன்றங்களுக்கும் உரிமை உண்டு.